நந்தி விலகினால் நீதி தெரியும்!

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. அரியலூர் மாவட்டத்து ஊர். பங்குனி மாதம் புனர்பூச நட்சத்திரம் வந்துவிட்டால் போதும், ஊரே ஜனக்கடலாகிவிடும். அன்றைக்கு அங்கே நந்திக்குக் கல்யாணம்! மாப்பிள்ளை நந்தியை ஆற்றுக்கு அக்கரையிலுள்ள திருவையாற்றிலிருந்து மேளதாளத்தோடு அழைத்து வருவார்கள். மணமகள் சுயசாம்பிகை. "நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்" என்பது அந்தப் பக்கத்துப் பழமொழி. கல்யாணம் ஆகாத பிள்ளைகளையும் பெண்களையும் பெற்றவர்கள் கையோடு கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

நந்தி என்றால் மக்களுக்கு ஒரு தனிப் பாசம். கருவறைக்குள் எல்லோரும் போக முடியாது. நந்தியின் பக்கத்தில் யாரும் போகலாம். கடன் தீரவில்லை, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, மாப்பிள்ளை அமையவில்லை என்று எந்தக் குறையாக இருந்தாலும் அவர் காதில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். உள்ளே இருப்பவரிடம் அவர் எடுத்துச் சொல்வார் என்று நம்பிக்கை.

அதே நந்தியைப் பற்றி இன்னொரு பேச்சும் உண்டு. வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்து, "ஏன் நந்தி மாதிரி குறுக்கே நிற்கிறாய்?" என்று கேட்கிறோம் அல்லவா? திருப்புன்கூரில் நந்தனார் வெளியே நின்று தவித்தார். உள்ளே போக அவருக்கு அனுமதி இல்லை. குறுக்கே நந்தி மறைத்தது. இறைவன் சொல்ல நந்தி விலகிக்கொண்டது, நந்தனார் கண்ணாரக் கண்டார் என்பது கதை.

எடுத்துச் சொல்கிற நந்தியும் உண்டு, குறுக்கே நிற்கிற நந்தியும் உண்டு. கோவிலில் மட்டும்தானா? கோர்ட்டு வாசலிலும், தாலுகா ஆபீஸ் வாசலிலும், போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் இந்த இரண்டு வகையும் உண்டு.

வாசலில் நிற்பவர் யார்?

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். கொள்ளிடக் கரையில் ஒரு கிராமம். புருஷனை இழந்த ஒரு தாய். அவர் பெயரில் ஒரு ஏக்கர் நிலம். இரண்டு மகன்கள் வெளியூரில் வேலை. ஒரு மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. நிலம் இன்னும் இறந்தவர் பெயரிலேயே இருக்கிறது. பட்டாவை மாற்ற வேண்டும். பயிர்க்கடன் வாங்கப் போனால், "உன் பெயரில் பட்டா எங்கே?" என்கிறார்கள்.

அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஸ் ஏறித் தாலுகா ஆபீசுக்குப் போகிறாள். வாசலிலேயே ஒருவர் எதிர்ப்படுகிறார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை. "என்ன ஆத்தா, பட்டா மாத்தணுமா? உள்ளே எனக்கு ஆள் இருக்கு. ஐயாயிரம் கொடு, பத்து நாளில் முடிச்சுத் தர்றேன். பத்திரத்தையும் குடுத்துட்டுப் போ" என்கிறார்.

அம்மாள் தோட்டைக் கழற்றி அடகு வைத்துப் பணம் கொடுக்கிறாள். மூலப் பத்திரத்தையும் கொடுத்துவிடுகிறாள். ரசீது கிடையாது. பத்து நாள் பத்து மாதமாகிறது. பையும் காணோம், பத்திரமும் காணோம்!

இது கற்பனைதான். ஆனால் இந்தக் கதையைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒரு முகம் நினைவுக்கு வந்திருந்தால் அதில் வியப்பில்லை. அந்த அம்மாளுக்குப் பெரிய வக்கீல் தேவைப்படவில்லை. எந்த வாசலில் எந்த மனுவைக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல ஒரு நல்ல மனிதர் தேவைப்பட்டார். அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட மனிதர்களைத் தயார் செய்து அனுப்ப அரசாங்கமே ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அவர்களுக்கு ஆங்கிலத்தில் 'பாரா லீகல் வாலண்டியர்' என்று பெயர். தமிழில் 'சட்டத் தன்னார்வலர்' என்கிறார்கள். டாக்டருக்குப் பக்கத்தில் நர்ஸ் நிற்பது போல, வக்கீலுக்குப் பக்கத்தில் நிற்பவர் இவர். நர்ஸ் ஆபரேஷன் செய்வதில்லை. ஆனால் நர்ஸ் இல்லாத ஆஸ்பத்திரியை நினைத்துப் பார்க்க முடியுமா?

பத்திரிகைச் செய்தி திறந்த கதவு

ஏழைக்கு இலவசச் சட்ட உதவி என்பது யாரோ போட்ட பிச்சை அல்ல. 1976-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது 39-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பணமில்லை என்ற காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அரசு இலவசச் சட்ட உதவி அளிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

எழுதி வைத்தால் போதுமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதே!

1979 ஜனவரியில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் பீகார் சிறைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. விசாரணை முடியாமலே ஆண்டுக்கணக்கில் பலர் உள்ளே கிடந்தார்கள். குற்றம் நிரூபணமானால்கூட அவ்வளவு காலம் தண்டனை கிடைத்திருக்காது! அதைப் படித்த கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வக்கீல் சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார். அதுதான் ஹுசைனாரா காதூன் வழக்கு. நீதிபதி பகவதி முதலானோர் அதை விசாரித்தார்கள். விரைவான விசாரணை ஒவ்வொருவருக்கும் உரிமை, வக்கீல் வைக்க முடியாதவருக்கு இலவச வக்கீல் தருவதும் நியாயமான விசாரணையின் பகுதி என்று தீர்ப்பாயிற்று. ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள்.

அந்த ஏழைகளில் யாருக்கும் "எனக்கு ஜாமீன் கேட்க உரிமை உண்டு" என்று சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் இருந்திருந்தால், அத்தனை ஆண்டுகள் வீணாகியிருக்குமா?

பிறகு 1987-ல் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1995 நவம்பர் 9. அதனால்தான் ஆண்டுதோறும் நவம்பர் 9-ஐச் சட்டப் பணிகள் நாள் என்று கொண்டாடுகிறார்கள். நாட்டுக்கு ஒரு தேசிய ஆணைக்குழு, மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று, அதற்கும் கீழே தாலுகாவுக்கு ஒரு குழு என்று ஏற்பாடு. மாவட்ட ஆணைக்குழுவுக்கு மாவட்ட நீதிபதியே தலைவர். திருமழபாடிக்காரர்களுக்கு அந்தக் கதவு அரியலூர் கோர்ட்டில் இருக்கிறது.

கதவு அரியலூரில் இருந்தால் போதுமா? கிராமத்திலிருந்து அங்கே போய்ச் சேர வேண்டுமே! அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2009-ல் தேசிய ஆணைக்குழு சட்டத் தன்னார்வலர் திட்டத்தைக் கொண்டுவந்தது.

யாருக்கு இலவசம்?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

பெண்கள் எல்லோருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. பணக்காரப் பெண், ஏழைப் பெண் என்ற பேதம் இல்லை. குழந்தைகளுக்கு உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு உண்டு. காவலில் அல்லது சிறையில் இருப்பவருக்கு உண்டு. ஆள் கடத்தலுக்கும் கொத்தடிமைக்கும் ஆளானவர்களுக்கு உண்டு. வெள்ளம், பூகம்பம், சாதிக் கலவரம் போன்றவற்றில் அடிபட்டவர்களுக்கு உண்டு. இவற்றில் எதிலும் சேராதவராக இருந்தாலும், வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால் அவருக்கும் உண்டு.

வக்கீல் பீஸ், கோர்ட்டுக் கட்டணம், டைப் அடிக்கிற செலவு, நகல் எடுக்கிற செலவு எல்லாம் அதில் அடங்கும். தொலைபேசியில் 15100 என்ற எண்ணைச் சுழற்றினாலும் சட்ட உதவிக்கு வழி கேட்கலாம்.

இவ்வளவு இருந்தும் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாத உரிமை, பெட்டியில் பூட்டிச் சாவியைத் தொலைத்த நகை மாதிரி. இருந்தும் இல்லாததுதான்.

என்ன வேலை செய்வார்?

சட்டத் தன்னார்வலர் செய்யும் வேலைகளைப் பார்க்கலாம்.

கிராமத்துச் சட்ட உதவி மையத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களின் குறையைக் காது கொடுத்துக் கேட்பார். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பார். முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, ரேஷன் கார்டு, வேலை உறுதித் திட்டத்துக் கூலி இவற்றுக்கு எங்கே எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்வார். வழக்குப் போட வேண்டிய விஷயமானால், மாவட்ட ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போய் இலவச வக்கீலைச் சேர்த்து வைப்பார்.

சிறைக்குப் போவார். "உனக்கு வக்கீல் இருக்கிறாரா? ஜாமீன் கேட்டாயா?" என்று விசாரிப்பார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு முக்கியமான விதி இருக்கிறது. முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர், அந்தக் குற்றத்துக்கு உரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் காவலிலேயே கழித்துவிட்டால், அவரை விடுவிக்கக் கோர்ட்டு நடவடிக்கை எடுக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. தூக்குத் தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் போன்ற சில விலக்குகள் உண்டு. நாட்களை எண்ணிக் கணக்குச் சொல்ல வெளியே ஒருவர் இல்லையென்றால், உள்ளே இருப்பவருக்கு அந்த விதியால் என்ன பயன்?

போலீஸ் ஸ்டேஷனிலும் அவருக்கு வேலை உண்டு. காணாமற்போன குழந்தைகளைப் பற்றிய வழக்கில் 2013 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. குழந்தையைக் காணோம் என்று வரும் புகார்களைப் போலீசார் எப்படிக் கவனிக்கிறார்கள் என்று பார்க்க, முறை வைத்து ஒரு சட்டத் தன்னார்வலர் ஸ்டேஷனில் இருக்கும்படி செய்ய வேண்டும் என்றது. பிள்ளையைத் தொலைத்துவிட்டுப் பதறிக்கொண்டு வரும் தாய்க்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, "முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள்" என்று சொன்னால் அது எவ்வளவு பெரிய தைரியம்!

சிறு சண்டைகளை மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டு போவதும் அவர் வேலை. இரு தரப்பும் சம்மதித்து அங்கே முடித்துக்கொண்டால், அந்தத் தீர்வு சிவில் கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது. ஏற்கனவே கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். வரப்புத் தகராறில் பாட்டன் போட்ட வழக்கைப் பேரன் நடத்துகிற கொடுமைக்கு இது ஒரு முற்றுப்புள்ளி.

ராஜராஜன் எடுத்த நகல்

சட்டத் தன்னார்வலர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் எது? தாளைக் காப்பாற்றுவது. அந்தப் பாடம் திருமழபாடிக் கோவில் சுவரிலேயே இருக்கிறது!

ராஜராஜ சோழனின் 28-வது ஆட்சியாண்டு. அதாவது 1013-ம் ஆண்டு. திருமழபாடி வைத்தியநாத சுவாமி கோவிலின் விமானத்தைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்ட மன்னர் உத்தரவிட்டார். பழைய சுவரெல்லாம் கல்வெட்டு. இன்னார் இவ்வளவு நிலம் கொடுத்தார், இன்னார் விளக்கு வைத்தார் என்ற சாசனங்கள். சுவரை இடித்தால் அந்த உரிமைகள் என்ன ஆகும்?

மன்னர் அதையும் யோசித்தார். இடிப்பதற்கு முன்பு கல்வெட்டு முழுவதையும் புத்தகத்தில் எழுதி எடுத்துக்கொள்ளச் செய்தார். புதுக் கோவில் எழும்பியது. ராஜேந்திர சோழனின் 14-வது ஆட்சியாண்டில், அதாவது 1026-ல், அந்தப் புத்தகத்தைப் பார்த்து மறுபடியும் கல்லில் வெட்டினார்கள். பதின்மூன்று ஆண்டு இடைவெளி! உத்தரவிட்ட மன்னர் மறைந்துவிட்டார். ஆனால் நகல் இருந்தது. ஆகவே உரிமையும் இருந்தது.

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? கல்லையே நம்பாமல் நகல் எடுத்தார் ராஜராஜன். நம் அம்மாளோ ஒரே ஒரு மூலப் பத்திரத்தை ரசீதில்லாமல் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

அம்மாள் கதை மாறுகிறது

இப்போது அதே அம்மாளின் கதையை மாற்றி எழுதிப் பார்ப்போம். அவள் தெருவிலேயே ஒரு சட்டத் தன்னார்வலர் இருக்கிறார். மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம்.

"அத்தை, தோட்டைக் கழற்றாதீங்க. முதல்ல பத்திரத்தை எடுத்துட்டு வாங்க, நகல் எடுப்போம். மூலத்தை யார் கேட்டாலும் கையை விட்டுக் கொடுக்காதீங்க. காட்டிட்டுத் திரும்ப வாங்கிக்கணும்" என்கிறாள் அவள்.

"மாமா செத்ததைப் பதிவு பண்ணினீங்களா?" என்று அடுத்த கேள்வி.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். அதற்குமேல் தாமதமானால் கட்டணமும் அனுமதியும் வேண்டும். ஓராண்டு தாண்டிவிட்டால் அதிகாரியின் உத்தரவு வாங்கித்தான் பதிவு செய்ய முடியும். இறப்புச் சான்றிதழ் கையில் வந்த பிறகு, வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தாருக்கு விண்ணப்பம். அதை இ-சேவை மையத்திலேயே போடலாம். அதில் மகன்கள் பெயரை மட்டும் எழுதிவிட்டு மகளை விட்டுவிடக் கூடாது.

"அவளைத்தான் கட்டிக் கொடுத்துட்டமே!" என்கிறாள் அம்மாள்.

"கட்டிக் கொடுத்தாலும் மகள் மகள்தான் அத்தை. மாமா சொந்தமா வாங்கின நிலம். உயில் எழுதலை. உங்களுக்கு ஒரு பங்கு, ரெண்டு பையன்களுக்கும் பொண்ணுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. நாலும் சமம்."

அந்தப் பெண் சொல்வது சரி. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே இதைச் சொல்கிறது. பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகளுக்குப் பங்கு கொடுக்க, மத்திய அரசு சட்டம் செய்வதற்கு முன்பே தமிழ்நாடு 1989-ல் சட்டம் செய்தது. அப்போது அது அந்த ஆண்டுக்கு முன்னால் கல்யாணமான பெண்களுக்குக் கிடைக்கவில்லை. 2005-ல் மத்தியச் சட்டம் அந்தக் குறையை நீக்கியது. பிறப்பினாலேயே மகனைப் போல மகளுக்கும் உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு உறுதியாகச் சொல்லிவிட்டது.

வாரிசுச் சான்றிதழ் வந்ததும் பட்டா மாறுதலுக்கு மனு. ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகை ரசீது. ரசீதில் உள்ள எண்ணையும் தேதியையும் அந்தப் பெண் தன் டைரியில் குறித்துக்கொள்கிறாள். திட்டப்படி சட்டத் தன்னார்வலர் ஒவ்வொருவரும் டைரி எழுத வேண்டும், மாதந்தோறும் அறிக்கை கொடுக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தபோது அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். "ஏதோ என்னால முடிஞ்சது..." என்று இரண்டு நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறாள்.

"வேண்டாம் அத்தை. வாங்கினா என் அடையாள அட்டையைப் பிடுங்கிடுவாங்க. அடுத்த தெருவில் யாருக்காவது இப்படி ஒரு கஷ்டம்னா என்கிட்ட அனுப்புங்க. அது போதும்."

தரகர் குறுக்கே நின்றார். இவள் காதில் வாங்கிக்கொண்டு, வழியைக் காட்டிவிட்டு, விலகி நின்றாள். அடுத்த தடவை அந்த அம்மாள் தனியாகவே போய்வருவாள்.

நீங்களும் சேரலாம்

இதற்கு வக்கீல் படிப்பு வேண்டாம். பத்தாம் வகுப்பு தேறியிருப்பது விரும்பத்தக்கது, விஷயத்தைப் புரிந்துகொள்ளும் திறமையும் வேண்டும் என்று திட்டம் சொல்கிறது. ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள், மகளிர் குழுவினர், மூத்த குடிமக்கள் எல்லோரும் வரலாம். இன்னொரு செய்தி உங்களை ஆச்சரியப்படுத்தும். நீண்ட கால தண்டனை பெற்ற கைதிகளில் படித்தவர்களும் நன்னடத்தை உள்ளவர்களும் சிறைக்குள்ளேயே இந்தப் பணியைச் செய்யலாம்!

மாவட்ட ஆணைக்குழு விண்ணப்பம் கோரும்போது மனுச் செய்ய வேண்டும். நேர்முகம் கண்டு தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளிப்பார்கள். அரசியல் சட்டம், குடும்பச் சட்டம், தொழிலாளர் சட்டம், கைது விதிகள், குழந்தைகள் சட்டம், அரசுத் திட்டங்கள் இவற்றில் அடிப்படைப் பாடம். அடையாள அட்டையும் தருவார்கள்.

தடைகளும் உண்டு. அரசியல் கட்சியில் தீவிர உறுப்பினராக இருக்கக் கூடாது. உதவி கேட்டு வருகிறவரிடம் காசு வாங்கக் கூடாது. பதவியைத் தவறாகப் பயன்படுத்தினால் நீக்கிவிடுவார்கள். தன்னை வக்கீல் என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது. 1961-ம் ஆண்டு வக்கீல்கள் சட்டப்படி, பதிவு பெற்ற வக்கீல்தான் கோர்ட்டில் தொழில் நடத்த முடியும்.

சம்பளம் எவ்வளவு?

பெற்றோர் கேட்கிற கேள்வி இதுதான். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். இது மாதச் சம்பள உத்தியோகம் அல்ல. வேலை கொடுக்கிற நாளுக்கு மதிப்பூதியம். முன்பு நாளொன்றுக்கு 250 ரூபாய் என்று கணக்கிட்டார்கள். பிறகு பல இடங்களில் அது கூடியிருக்கிறது. ஆனாலும் இதை மட்டும் நம்பி ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியாது. வருமானத்துக்காக வருகிறவர்கள் வேண்டாம், இரக்கம் உள்ளவர்கள் வாருங்கள் என்பதே திட்டத்தின் நோக்கம். அன்றாடம் காய்ச்சியாக இருக்கிற ஒருவர் இரக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் நடக்க முடியும் என்ற கேள்வியும் நியாயமானதுதான். வேலைக்குத் தக்க ஊதியம் கொடுத்தால்தான் நல்லவர்கள் நிலைத்து நிற்பார்கள்.

சட்டத்துறையிலேயே பிழைப்பைத் தேட விரும்புகிற பிள்ளைகளுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. சட்டத் தன்னார்வலர் அனுபவம் அவற்றுக்கு நல்ல முதல்படி.

வக்கீல் குமாஸ்தா வேலை பழமையானது. எந்தக் கட்டு எங்கே இருக்கிறது, எந்த வழக்கு எந்தத் தேதிக்கு வருகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வக்கீல் குமாஸ்தாக்களுக்கென்று தமிழ்நாட்டில் சேமநல நிதிச் சட்டமே இருக்கிறது. பத்திரம் எழுதுகிறவராகலாம். அதற்கு உரிமம் வாங்க வேண்டும். நகரங்களில் பெரிய வக்கீல் நிறுவனங்களும் கம்பெனிகளும் ஆவணங்களைச் சரிபார்க்கவும், தீர்ப்புகளைத் தேடி எடுக்கவும் ஆட்களை வைத்திருக்கின்றன. அவர்களையும் 'பாரா லீகல்' என்றுதான் அழைக்கிறார்கள். அங்கே ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் தெரிந்திருக்க வேண்டும்.

படிக்க ஆசையா? பிளஸ் டூ முடித்தவர்கள் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தபால் வழிப் பாடத்தில் 'பாரா லீகல்' பணிக்கான டிப்ளமோ படித்திருக்கிறார்கள். சேருமுன் அந்த ஆண்டு அந்தப் பாடம் உண்டா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். ஒன்றை மறந்துவிடாதீர்கள். நம் நாட்டில் இந்த வேலைக்கு லைசென்ஸ் எதுவும் கிடையாது. "எங்களிடம் படித்தால் கோர்ட்டில் உத்தியோகம் நிச்சயம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்டுமுன் இரண்டு முறை யோசியுங்கள்.

வக்கீலாகவே ஆக வேண்டுமென்றால் பிளஸ் டூவுக்குப் பிறகு ஐந்தாண்டுப் படிப்பு, பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டுப் படிப்பு. அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திருச்சியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. மனு எழுதிப் பழகிய கை, சட்டப் புத்தகத்தைப் புரட்டும்போது தடுமாறாது.

கடல் கடந்த நாடுகளில்

இது நம் நாட்டில் மட்டும் உள்ள ஏற்பாடு அல்ல. ஆப்பிரிக்காவில் மலாவி ஒரு ஏழை நாடு. அங்கே வக்கீல்கள் மிகக் குறைவு. 2000-ம் ஆண்டிலிருந்து சட்டத் துணைவர்கள் சிறைகளுக்குள் போய், கைதிகளுக்குத் தங்கள் வழக்கைத் தாங்களே எடுத்துச் சொல்லக் கற்றுக் கொடுக்கிறார்கள். சியரா லியோன் என்ற நாடு 2012-ல் இயற்றிய சட்டத்தில் இவர்களுக்கு முறையான இடத்தையே கொடுத்துவிட்டது. நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில் தென்னாப்பிரிக்காவில், நடமாட அனுமதிச் சீட்டு இல்லை என்று பிடிபட்ட கறுப்பின மக்களுக்கு ஆலோசனை நிலையங்கள் வழி சொல்லிக் கொடுத்தன. எங்கே சட்டம் தூரத்தில் இருக்கிறதோ, அங்கெல்லாம் நடுவில் ஒரு நல்ல மனிதர் தேவைப்பட்டிருக்கிறார்.

காதில் சொன்னால் போதாது

பங்குனியில் திருமழபாடிக்குப் போகிறவர்கள் நந்தி கல்யாணத்தைக் கண்குளிரப் பார்க்கட்டும். காதில் தங்கள் குறையைச் சொல்லட்டும். அப்படியே கோவில் சுவரில் உள்ள எழுத்துகளையும் ஒரு நிமிஷம் நின்று பார்க்கட்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் யாரோ ஒரு எழுத்தர், பெயர் தெரியாத ஒருவர், சுவரைப் பார்த்துப் பார்த்து ஒரு வரி விடாமல் புத்தகத்தில் எழுதினார். அவர் மன்னரும் இல்லை, மந்திரியும் இல்லை. அவர் ஒரு வரியை விட்டிருந்தால் யாரோ ஒருவருடைய தர்மம் அழிந்திருக்கும்.

இன்று அந்த எழுத்தரின் வேலைக்கு ஊருக்கு ஒருவர் தேவை. பத்தாவது படித்துவிட்டு வீட்டில் இருக்கும் மருமகளாக இருக்கலாம். ஓய்வு பெற்ற வாத்தியாராக இருக்கலாம். கல்லூரி விடுமுறையில் வந்திருக்கும் தம்பியாக இருக்கலாம்.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அரியலூர்க் கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் அலுவலகத்தின் வழியைக் காட்டுங்கள். போகும்போது ஒரு டைரி வாங்கிக் கொடுங்கள். மறக்காமல் வீட்டுப் பத்திரத்துக்கு ஒரு நகலும் எடுத்து வரச் சொல்லுங்கள்!